இங்கிலாந்து சென்சஸ், பிறப்பு இறப்பு பதிவுல 19ஆம் நூற்றாண்டு குடும்பத்த தேடறது எப்படி: மார்க்ஸ் வீட்ட வச்சு சில கேள்வி பதில்

இங்கிலாந்துல 1800கள்ல வாழ்ந்த ஒருத்தரோட குடும்பத்த பழைய பதிவுகள்ல தேடணும்னு நினைக்கிறவங்களுக்காக இத எழுதறேன். உங்க சொந்த வம்சமா இருக்கலாம், கட்டிக்கிட்ட இடத்து வம்சமா இருக்கலாம், வெறும் ஆர்வமாவும் இருக்கலாம், கேள்விங்க எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உதாரணத்துக்கு ஒரு குடும்பம் வேணும்ல, அதுக்கு கார்ல் மார்க்ஸ் வீட்ட எடுத்துக்கிட்டேன். அவரோட அரசியல் இங்க வராது, லண்டன்ல வாடகைக்கு இருந்து பிள்ளைகுட்டியோட கஷ்டப்பட்ட ஒரு அகதி குடும்பமா மட்டும்தான் பாக்கப்போறோம்.

ஏன் மார்க்ஸ் குடும்பம்? வேற யாரும் கிடைக்கலயா?

நம்ம தேடற ஆளுங்கள்ல முக்கால்வாசி பேர் ஒரு கடிதம் கூட விட்டுட்டுப் போயிருக்க மாட்டாங்க, அவங்கள பத்தி மிச்சம் இருக்கறது அரசாங்கம் எழுதின நாலு வரிதான். மார்க்ஸ் வீட்ல அப்படி இல்ல. மனைவி ஜென்னி எழுதின நினைவுக்குறிப்பு இருக்கு, மார்க்ஸோட நண்பர் எங்கெல்ஸுக்குப் போன கடிதங்க இருக்கு. அதனால ஒரே சம்பவத்த ரெண்டு பக்கத்துல இருந்தும் பாக்க முடியுது, ரிஜிஸ்டர்ல எப்படி இருக்கு, அந்த வீட்டுக்காரங்க மனசுல எப்படி இருந்துச்சுன்னு. பதிவு எத சொல்லும் எத சொல்லாதுன்னு கத்துக்க இத விட நல்ல வீடு எனக்குத் தெரிஞ்சு இல்ல. இத ஒரு தடவ புரிஞ்சுக்கிட்டா கடிதமே இல்லாத உங்க ஆளோட பதிவையும் வேற மாதிரி படிப்பீங்க.

எத்தன சென்சஸ் இருக்கு, எதுல என்ன கிடைக்கும்?

10 வருசத்துக்கு ஒண்ணு. பேரோட பாக்கறதுக்கு பிரயோஜனமானது 1841ல இருந்துதான். கணக்கெடுத்த நாள முதல்ல நோட்ல எழுதி வச்சுக்கங்க, இது ரொம்ப முக்கியம்: 1841 ஜூன் 6, 1851 மார்ச் 30, 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3, 1891 ஏப்ரல் 5, 1901 மார்ச் 31. அந்த நாள் ராத்திரி யார் யார் அந்த வீட்ல தூங்கினாங்களோ அவங்க பேர்தான் வரும்.

1841 கொஞ்சம் ஏமாத்தும். யாருக்கு யார் என்ன உறவுன்னு அதுல கிடையாது, 15 வயசுக்கு மேல உள்ளவங்க வயச 5ஓட மடங்குக்கு கீழ இறக்கி எழுதச் சொல்லியிருந்தாங்க, 34 வயசு ஆள் 30ன்னு இருப்பார். பிறந்த ஊரும் இருக்காது, அதே கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) பிறந்தவரா இல்லயான்னு மட்டும்தான். அதனால 1841ல ஒரே வீட்ல ஒரு ஆம்பள ஒரு பொம்பள நாலு பிள்ளைங்கன்னு பாத்த உடனே அப்பா அம்மா பிள்ளைங்கன்னு முடிவு கட்டாதீங்க, அண்ணன் தங்கச்சியாவும் இருக்கலாம். 1851ல இருந்துதான் உறவு, கல்யாணம் ஆனவரா, சரியான வயசு, தொழில், பிறந்த ஊர் எல்லாம் வருது.

அதுக்கப்புறம் 1911, 1921 வரைக்கும் திறந்தாச்சு, 100 வருசம் மூடி வைக்கற வழக்கம். 1931 சென்சஸ் 1942ல தீ விபத்துல எரிஞ்சு போச்சு, 1941ல யுத்தத்தால எடுக்கவே இல்ல.

எங்க ஆள் பேரே தேடினா வரல. சென்சஸ்ல விட்டுப்போச்சா?

விட்டுப்போறதும் உண்டு, ஆனா அதுக்கு முன்னாடி எழுத்துப்பிழைய சந்தேகப்படுங்க. வீட்டுக்காரங்க ஒரு படிவத்த நிரப்பித் தருவாங்க, எழுதத் தெரியலன்னா கணக்கெடுக்க வந்தவரே கேட்டு நிரப்புவார், அப்புறம் அத அவர் ஒரு புத்தகத்துல நகல் எடுப்பார். நாம இன்னிக்குப் பாக்கறது அந்த நகல் புத்தகம்தான். 150 வருசம் கழிச்சு இன்னொருத்தர் அந்தக் கையெழுத்த படிச்சு கம்ப்யூட்டர்ல அடிச்சிருப்பார். ஒரு பேர் இத்தன கை மாறி வருது.

1851ல சோஹோ பகுதியில 28, டீன் ஸ்ட்ரீட்ல இருந்த மார்க்ஸ் எப்படிப் பதிவாகியிருக்கார் தெரியுமா, சார்ல்ஸ் மார்க்னு. தொழில்னு டாக்டர், தத்துவ எழுத்தாளர்னு இருக்கு. கார்ல் சார்ல்ஸ் ஆயிட்டார், மார்க்ஸ்ல கடைசி எழுத்து போயிடுச்சு. கார்ல் மார்க்ஸ்னு அப்படியே அடிச்சுத் தேடினா இந்த வரி கண்ணுல படறது கஷ்டம். அதனால குடும்பப் பேர விட்டுட்டு ஒரு பிள்ளையோட முதல் பேர், உத்தேச வயசு, பிறந்த ஊர் மூணையும் போட்டு தேடிப் பாருங்க. அதுவும் வரலன்னா விலாசம். பிறப்பு சர்டிபிகேட்ல இருக்கற தெருப் பேர வச்சு சென்சஸ் புத்தகத்துல அந்தத் தெருவ பக்கம் பக்கமா புரட்டணும், பொறுமை வேணும், ஆனா நிறைய பேர் இப்படித்தான் கிடைக்கறாங்க.

பிள்ளைங்க வயசுல 8, 9 வருசம் இடைவெளி தெரியுது. இது எத காட்டுது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துப் பதில் சொல்வேன், ஏன்னா ஒரு குடும்பத்தோட பெரிய துக்கமெல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியிலதான் இருக்கு.

மார்க்ஸ் குடும்பத்த 1861 ஏப்ரல் மாசத்துல நிறுத்திப் பாருங்க. அப்ப உயிரோட இருந்த பிள்ளைங்க மூணு பொண்ணுங்க. மூத்தவ ஜென்னி 1844 மே மாசம் பிறந்தவ, 16 வயசு. லாரா 1845 செப்டம்பர், 15 வயசு. அப்புறம் எலினோர், 1855 ஜனவரி, 6 வயசு. லாராவுக்கும் எலினோருக்கும் நடுவுல 9 வருசத்துக்கு மேல. சென்சஸ் மட்டும் பாக்கறவங்க, அப்பா ஊர்ல இல்லாம இருந்திருப்பார், இல்ல பிள்ளையே வேணாம்னு இருந்திருப்பாங்கன்னு கதை கட்டிடுவாங்க.

நடந்தது வேற. 1847ல பிரஸ்ஸல்ஸ்ல எட்கர் பிறந்தான். 1849 நவம்பர் 5 லண்டன்ல கைடோ பிறந்தான், ஒரு வயசு முடிஞ்சு ரெண்டு வாரத்துல, 1850 நவம்பர் 19, செத்துப்போனான். 1851 மார்ச் 28 ஃபிரான்சிஸ்கா பிறந்தா, 1852 ஏப்ரல்ல அவளும் போயிட்டா. எட்கர் 8 வயசு வரைக்கும் வளந்து 1855 ஏப்ரல் 6, புனித வெள்ளி அன்னிக்கு, செத்தான். அப்ப எலினோர் 3 மாசம் கூட ஆகாத கைக்குழந்த. 1857 ஜூலைல இன்னொரு குழந்த, பேர் வைக்கறதுக்குள்ளயே போயிடுச்சு. நாலு பிள்ளைங்கள குழிக்குள்ள வச்ச அம்மா அவங்க.

இதுல கைடோவ கவனிங்க. 1841க்கும் 1851க்கும் நடுவுல பிறந்து நடுவுலயே செத்தவன், எந்த சென்சஸ்லயும் அவன் பேர் வர வழியே இல்ல. பிறப்பு பதிவும் இறப்பு பதிவும் இல்லன்னா அரசாங்கத்தப் பொறுத்தவரைக்கும் அப்படி ஒரு குழந்த இருந்ததே தெரியாது. ஃபிரான்சிஸ்காவுக்கு 1851 சென்சஸ் ராத்திரி பிறந்து ரெண்டே நாள், அடுத்த வருசமே போயிட்டா.

அதனால ரெண்டு பிள்ளைங்க நடுவுல 3 வருசத்துக்கு மேல இடைவெளி தெரிஞ்சா அந்தக் காலகட்டத்துக்கு பிறப்பு இண்டெக்ஸையும் இறப்பு இண்டெக்ஸையும் (பதிவானவங்களோட பேர்ப் பட்டியல்) அதே குடும்பப் பேருக்கு, அதே வட்டாரத்துக்கு, கட்டாயம் தேடுங்க. உங்க ஆள் 1911ல உயிரோட இருந்திருந்தா ஒரு உதவி இருக்கு, கல்யாணம் ஆகி எத்தன வருசம், எத்தன பிள்ளைங்க உயிரோட பிறந்துச்சு, எத்தன இருக்கு, எத்தன இறந்துச்சுன்னு அந்த சென்சஸ்ல கேட்டாங்க. அதுல வீட்டுக்காரங்க கைப்பட எழுதின படிவமே பத்திரமா இருக்கு.

பிறப்பு பதிவு எப்ப இருந்து? எப்படித் தேடறது?

இங்கிலாந்து, வேல்ஸ்ல 1837 ஜூலை 1 முதல். ஸ்காட்லாந்துல 1855, அயர்லாந்துல 1864. அதுக்கு முன்னாடின்னா சர்ச் ஞானஸ்நான புத்தகம்தான்.

1875 வரைக்கும் பெத்தவங்க தானா வந்து பதியலன்னா தண்டனை எதும் இல்ல, பதிவாளர்தான் தேடிப்போய் தகவல் சேகரிக்கணும், அதனால ஆரம்ப வருசங்கள்ல விட்டுப்போன பிறப்பு நிறைய. பிறந்து 6 வாரத்துக்குள்ள பதியணும், தாண்டினா கட்டணம், 6 மாசம் தாண்டினா பதியவே முடியாது. கட்டணத்துக்குப் பயந்து பிறந்த தேதிய கொஞ்சம் தள்ளிச் சொன்னவங்களும் உண்டு. ஞானஸ்நான புத்தகத்துல ஒரு பிறந்த நாள், சர்டிபிகேட்ல ஒரு பிறந்த நாள்னு இருந்தா, பதிவு பண்ணின தேதிக்கு முன்னாடி 42 நாள எண்ணிப் பாருங்க.

இண்டெக்ஸ் வருசத்துக்கு நாலு காலாண்டா இருக்கும், மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். அது பதிவான தேதிப்படி, பிறந்த தேதிப்படி இல்ல. மார்ச் கடைசியில பிறந்த பிள்ளை ஜூன் காலாண்டுல இருக்கும். இத மறந்துட்டு இல்லவே இல்லன்னு விட்டவங்க ஏராளம்.

தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோட சொந்த ஆன்லைன் இண்டெக்ஸ கண்டிப்பா பாருங்க. பழைய அச்சு இண்டெக்ஸ்ல அம்மாவோட பிறந்த வீட்டுப் பேர் 1911க்கு அப்புறம்தான் வரும், இதுல 1837ல இருந்தே இருக்கு. இறப்புக்கும் அப்படித்தான், அச்சு இண்டெக்ஸ்ல வயசு 1866ல இருந்து, இதுல 1837ல இருந்து. அம்மா வீட்டுப் பேர போட்டுத் தேடினா ஒரு தம்பதியோட எல்லா பிள்ளைங்களும் வரிசையா வந்து நிப்பாங்க, பிழைக்காத பிள்ளைங்களும் சேத்து.

வீட்ல கூப்பிடற பேர் ஒண்ணு, பதிவுல ஒண்ணா இருக்குமா?

இருக்கும், மார்க்ஸ் வீடு இதுக்குன்னே செஞ்ச மாதிரி. பொண்ணுங்க நாலு பேருக்கும் முதல் பேர் ஜென்னிதான், அம்மா பேர். ஜென்னி கரோலின், ஜென்னி லாரா, ஜென்னி ஈவ்லின் ஃபிரான்சஸ் (வீட்ல ஃபிரான்சிஸ்கா), ஜென்னி ஜூலியா எலினோர். எலினோர் மார்க்ஸ்னு தேடறவங்களுக்கு இண்டெக்ஸ்ல ஜென்னின்னு வந்தா வேற ஆளுன்னு தாண்டிப் போயிடுவாங்க. கைடோவோட பேர் ஹென்றி எட்வர்ட் கை. அந்தக் கைங்கற பேர் எப்படி வந்துச்சுன்னா, அவன் பிறந்த நவம்பர் 5, கை ஃபாக்ஸ் நாளு, இங்கிலாந்துல பட்டாசு வெடிச்சுக் கொண்டாடற நாள். பிறந்த தேதியும் பேரும் சேந்து அந்த வீட்டோட ஒரு சந்தோசத்த காட்டுது பாருங்க, எனக்கு இந்தச் சின்ன விசயம் ரொம்பப் பிடிக்கும்.

உங்க ஆளுக்கும் நடுப்பேர்கள எல்லாம் எழுதி வைங்க. தாத்தா பாட்டி பேர், அம்மா வீட்டுப் பேர் நடுப்பேரா வர்றது சகஜம்.

பேர் வைக்காத குழந்த, செத்துப் பிறந்த குழந்த எல்லாம் பதிவுல வருமா?

மூச்சு விட்ட குழந்தன்னா பிறப்பும் இறப்பும் ரெண்டும் பதியணும், பேர் இல்லன்னா இண்டெக்ஸ்ல ஆண் அல்லது பெண்னு மட்டும் இருக்கும், அது குடும்பப் பேரோட கடைசியில இருக்கும். செத்தே பிறந்த குழந்தய இங்கிலாந்துல 1927 வரைக்கும் பதியவே இல்ல. கல்லறைப் புத்தகத்துலதான் தேடணும்.

பிறப்பு சர்டிபிகேட்ல அப்பா பேர் காலியா இருக்கு. இனி என்ன பண்றது?

முதல்ல ஒரு பெருமூச்சு விட்டுட்டு உக்காருங்க, அவசரப்பட வேண்டிய இடம் இல்ல இது.

டீன் ஸ்ட்ரீட்ல மார்க்ஸ் குடும்பத்தோட ஹெலன் டெமுத்னு ஒரு பொண்ணு இருந்தாங்க. ஜென்னியோட தாய் வீட்ல சின்ன வயசுல வேலைக்கு வந்து, 1845ல பிரஸ்ஸல்ஸ்ல மார்க்ஸ் வீட்டுக்கு வந்து, சாகற வரைக்கும் அந்தக் குடும்பத்த தாங்கினவங்க. 1851 ஜூன் 23 அவங்களுக்கு ஒரு ஆண் குழந்த பிறந்துச்சு, ஹென்றி ஃபிரெடரிக் டெமுத். சர்டிபிகேட்ல அப்பா இடம் காலி. இப்ப தேதிய அடுக்கிப் பாருங்க: மார்ச் 28 ஜென்னிக்கு ஃபிரான்சிஸ்கா, மார்ச் 30 சென்சஸ், ஜூன் 23 ஹெலனுக்கு ஃபிரெடரிக். கணக்கெடுக்க வந்தவர் அந்த வாசல்ல நின்னப்ப உள்ள ஒரு பிள்ளை பெத்த தாயும், ஒரு 6 மாச கர்ப்பிணியும் இருந்திருக்காங்க, அதுவும் இட வசதியே இல்லாத குடியிருப்புல. சென்சஸ் படிவத்துல இதுக்கெல்லாம் கட்டம் கிடையாது.

குழந்தய கிழக்கு லண்டன்ல ஒரு உழைக்கற குடும்பத்துக்கிட்ட வளக்க விட்டுட்டாங்க. அப்பா மார்க்ஸ்தான்னு வாழ்க்கை வரலாறு எழுதினவங்கள்ல பெரும்பாலானவங்க ஏத்துக்கறாங்க, எங்கெல்ஸ் அந்தப் பழிய தன் தலையில ஏத்துக்கிட்டாருன்னும் சொல்றாங்க, ஆதாரம் போதாதுன்னு மறுக்கற ஆய்வாளர்களும் இருக்காங்க. 1898ல எழுதி 1962ல அச்சுல வந்த ஒரு கடிதம் வரைக்கும் இதப் பத்தி பெருசா வெளிய பேச்சே இல்ல. காலிக் கட்டம் அப்பா யாருன்னு சொல்லாது, மார்க்ஸ் இல்லன்னும் சொல்லாது. அது சொல்றது ஒண்ணே ஒண்ணு, தாய் கல்யாணம் ஆகாதவங்க, அன்னிக்கு யார் பேரும் எழுதப்படல.

சரி, உங்க ஆளுக்கு. மூணு இடம் பாருங்க. பிள்ளைய வளத்த வீடு, சென்சஸ்ல அந்தப் பிள்ளை வளப்புப் பிள்ளை, போர்டர் (காசு குடுத்து தங்கிச் சாப்பிடறவர்), விசிட்டர்னு ஏதாவது உறவுல இருக்கும், சட்டப்படி தத்து எடுக்கறது இங்கிலாந்துல 1927லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாம் வாய் வார்த்தைதான். ரெண்டாவது, அந்தப் பிள்ளையோட கல்யாண சர்டிபிகேட், அதுல அப்பா பேர்னு என்ன சொல்லியிருக்காங்கன்னு. சில பேர் உண்மைய சொல்லிடுவாங்க, சில பேர் வெட்கத்துக்கு தாத்தா பேர சொல்லுவாங்க, ஒரு பேர கற்பனையா சொன்னவங்களும் இருக்காங்க. மூணாவது, தாயோட உயில். ஹெலன் 1890 நவம்பர் 4 இறந்தப்ப தன்கிட்ட இருந்த கொஞ்ச நஞ்சத்த உயில்ல ஃபிரெடரிக்குத்தான் எழுதி வச்சாங்க. 39 வருசம் பக்கத்துல வச்சுக்க முடியாத பிள்ளை, உயில்ல வந்துட்டான். அந்தம்மாவ மார்க்ஸ் கல்லறையிலயே அடக்கம் பண்ணாங்க. ஃபிரெடரிக் மெக்கானிக்கா வேலை பாத்து 1929 வரைக்கும் வாழ்ந்தார்.

1875க்கு அப்புறம் கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு, அப்பாவும் கூட வந்து கையெழுத்துப் போட்டாதான் அவர் பேர எழுதுவாங்க. ஆன்லைன் இண்டெக்ஸ்ல அம்மா வீட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்துல ஒரு கோடு மட்டும் இருந்தா பெரும்பாலும் இந்த மாதிரி பிறப்புதான்.

குடும்பத் தலைவரே சென்சஸ்ல இல்ல. செத்துட்டாரா, ஓடிட்டாரா?

ஊருக்குப் போயிருப்பார். 1861 ஏப்ரல் 7 ராத்திரி மார்க்ஸ் பெர்லின்ல இருந்தார், பிப்ரவரி கடைசியில கிளம்பினவர் ஏப்ரல் கடைசியிலதான் லண்டன் திரும்பினார். விதிப்படி பாத்தா கிராஃப்டன் டெரஸ் வீட்ல அன்னிக்கு அவர் இல்லாதவர்தான். இப்படிப்பட்ட வீட்ல மனைவி பேர் முதல்ல வரும், ஆனா கல்யாணம் ஆனவர்னு இருக்கும், விதவைன்னு இருக்காது. அந்த ஒரு கட்டத்த பாத்துட்டு அப்புறம் பதறுங்க. கப்பல்ல போனவங்க, பட்டாளத்துல இருந்தவங்க, ஆஸ்பத்திரி, ஜெயில், ஏழை விடுதி எல்லாத்துக்கும் தனி பக்கம் உண்டு. பாட்டி வீட்டுக்குப் போன குழந்தயும் பாட்டி வீட்லதான் பதிவாகும்.

ஒவ்வொரு சென்சஸ்லயும் வயசு மாறுதே?

மாறும். 10 வருசத்துல 7 வயசு மட்டும் ஏறின பெண்கள் அங்க ஏராளம். நிறைய பேருக்கு தன் வயசே சரியா தெரியாது. பிறந்த வருசத்துக்கு முன்னப்பின்ன ரெண்டு மூணு வருசம் விட்டுத் தேடுங்க, பிறந்த ஊர் ஒத்து வருதான்னு பாருங்க.

சென்சஸ்ல மனைவின்னு இருக்கு, கல்யாணப் பதிவு எங்கயும் கிடைக்கல.

சென்சஸ்காரர் கல்யாணப் பத்திரிகை கேக்க மாட்டார், சொல்றத எழுதிட்டுப் போவார். எலினோர் 1884ல இருந்து எட்வர்ட் ஏவ்லிங்கோட வாழ்ந்தாங்க, தன் பேரையும் மார்க்ஸ் ஏவ்லிங்னு எழுதினாங்க, கணவன் மனைவி மாதிரியேதான் குடித்தனம் நடத்தினாங்க. ஆனா ஏவ்லிங்குக்கு ஏற்கனவே சட்டப்படி ஒரு மனைவி இருந்தாங்க, அதனால எலினோருக்கு கல்யாணப் பதிவு கிடையாது. அந்த முதல் மனைவி 1892ல இறந்த பிறகும் ஏவ்லிங் எலினோர கட்டிக்கல. 1897 ஜூன்ல அலெக் நெல்சன்ங்கற தன்னோட நாடகப் பேர்ல வேற ஒரு நடிகைய ரகசியமா பதிவுத் திருமணம் பண்ணிக்கிட்டார். 1898 மார்ச் 31 எலினோர் விஷம் குடிச்சு உயிர விட்டாங்க, 43 வயசு. ஒரு கல்யாண ரிஜிஸ்டர்ல இருக்கற ஒரு பொய்ப் பேர் எவ்வளவு பெரிய கொடுமைய மூடி வச்சிருக்கு பாருங்க, எனக்கு இத எழுதும்போதும் மனசு ஆறல.

தற்கொலை, விபத்து, திடீர் சாவுன்னா மரண விசாரணை நடக்கும், உள்ளூர் பத்திரிகைல விவரமா வரும், சர்டிபிகேட்ல விசாரணை அதிகாரி பேர் இருந்தா உடனே பத்திரிகைய தேடுங்க.

பதிவு இருக்கற கல்யாணத்துல ரெண்டு பேரோட அப்பா பேரும் தொழிலும் கிடைக்கும், சாட்சிங்க பேரும் கிடைக்கும். சாட்சிய விட்டுடாதீங்க, பாதி நேரம் அது கூடப்பிறந்தவங்கதான். மணமக்களோட அம்மா பேர் இங்கிலாந்து கல்யாணப் பதிவுல 2021 மே மாசத்துல இருந்துதான் வருது, அது வரைக்கும் இடமே இல்ல. லாரா 1868லயும் மூத்த ஜென்னி 1872லயும் செயின்ட் பான்க்ரஸ் பதிவு அலுவலகத்துல கட்டிக்கிட்டாங்க, சர்ச்ல இல்ல. சர்ச் புத்தகத்துலயே தேடிட்டு இருந்தா கிடைக்காது.

இறப்பு சர்டிபிகேட்டுக்கு காசு செலவு பண்றது பிரயோஜனமா?

பெரியவங்களுக்கு சுமார், பெத்தவங்க பேர் வராது, வயசு கூட தகவல் சொன்னவருக்குத் தெரிஞ்ச அளவுதான். ஆனா குழந்தைங்களுக்குக் கட்டாயம் எடுங்க. தொழில்ங்கற இடத்துல இன்னாரோட மகன், அப்பா இன்ன தொழில்னு எழுதியிருப்பாங்க, அதுல குடும்பம் உறுதியாயிடும். தகவல் சொன்னவர் யார், சாகும்போது பக்கத்துல இருந்தாரான்னும் இருக்கும்.

காரணம்னு ஒரு வார்த்தைதான் இருக்கும், வலிப்பு, மார்ச்சளி, காசநோய்னு. அதுக்குப் பின்னாடி இருந்த வறுமை அதுல வராது. ஃபிரான்சிஸ்கா செத்தப்ப சவப்பெட்டிக்குக் காசில்லாம, பக்கத்துல இருந்த ஒரு ஃபிரெஞ்சு அகதிகிட்ட 2 பவுண்ட் வாங்கித்தான் பெட்டி வாங்கினதா ஜென்னி எழுதியிருக்காங்க. பிறந்தப்ப தொட்டில் இல்ல, செத்தப்ப பெட்டியும் லேசுல கிடைக்கலன்னு அந்தத் தாய் எழுதினத எந்த ரிஜிஸ்டர்லயும் நீங்க பாக்க முடியாது. உங்க ஆள் வீட்ல இப்படி எழுத யாரும் இல்ல, அதனால ஒரு வருசத்துக்குள்ள ரெண்டு சாவு, அடிக்கடி மாறின விலாசம், இதெல்லாம் தெரிஞ்சா அங்க கொஞ்சம் நின்னு யோசிங்க. அதே பக்கத்துல இருக்கற மத்த சாவுகளயும் தெரிஞ்சுக்க முடிஞ்சா ரொம்ப நல்லது. 1854ல அதே சோஹோல பிராட் ஸ்ட்ரீட் காலரா வந்து 616 பேர் செத்தாங்க, மார்க்ஸ் குடும்பம் அப்ப நடந்து போற தூரத்துலதான் இருந்துச்சு. டாக்டர் ஜான் ஸ்னோ ஒரு தண்ணி பம்புதான் காரணம்னு கண்டுபிடிச்சதுக்கு இந்த மாதிரி இறப்பு பதிவுல இருந்த விலாசங்கதான் அடிப்படை.

வெளிநாட்ல பிறந்து இங்கிலாந்து வந்தவங்கன்னா?

சென்சஸ்ல பெரும்பாலும் நாடு மட்டும்தான் இருக்கும், ஜெர்மனி, ஃபிரான்ஸ்னு. ஊர் தெரியறதுதான் பாடு. மார்க்ஸ் பிறந்த ட்ரியர்ல நெப்போலியன் காலத்துல வந்த சிவில் பதிவு, பிரஷ்யா ஆட்சி வந்த பிறகும் தொடர்ந்துச்சு, அதனால 1818 மே 5 பிறந்தவரோட பிறப்ப அப்பா மே 7 போய் பதிஞ்சது இன்னிக்கும் இருக்கு. ஜெர்மனில மத்த பல இடத்துல 1870கள் வரைக்கும் சர்ச் புத்தகம்தான். பாரிஸ்ல இன்னொரு சிக்கல், 1860க்கு முன்னாடி உள்ள பிறப்பு இறப்பு பதிவு மூலப்படி, நகல் ரெண்டும் 1871ல பாரிஸ் கம்யூன்ங்கற புரட்சி ஆட்சியோட கடைசி வாரத்துல தீயில எரிஞ்சு போச்சு, மூணுல ஒரு பங்குதான் அப்புறம் திரும்ப சேத்தாங்க. 1844ல பாரிஸ்ல பிறந்த மூத்த ஜென்னி மாதிரி ஆட்களுக்கு இது பெரிய இழப்பு.

குடியுரிமை கேட்ட மனுவும் பாருங்க, லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்துல இருக்கு. மார்க்ஸ் 1874ல கேட்டு மறுத்துட்டாங்க. மறுத்த மனுவுலயும் விவரம் இருக்கும்.

எது இலவசம், எதுக்குக் காசு?

ஃபேமிலிசர்ச் வெப்சைட்ல கணக்கு தொடங்கினா போதும், 1881 சென்சஸ் முழுக்க எழுத்து வடிவத்துல இலவசம். ஃப்ரீபிஎம்டி தன்னார்வலர்கள் செஞ்ச இண்டெக்ஸ், இலவசம். அரசாங்க இண்டெக்ஸ் தேடறதும் இலவசம், சர்டிபிகேட்டுக்குத்தான் பணம், பழைய பிறப்பு இறப்புக்கு அச்சுப் பிரதி வேண்டாம்னு டிஜிட்டல் படமா வாங்கினா ரொம்பக் கம்மி. சென்சஸ் பக்கத்தோட படத்துக்கு ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் சந்தா. சந்தா கட்றதுக்கு முன்னாடி கேள்விய எல்லாம் எழுதி வச்சுக்கிட்டு ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டி வேலைய முடிங்க. உயில், சொத்து விவரத்துக்கு 1858ல இருந்து தேசிய இண்டெக்ஸ் இருக்கு, மார்க்ஸ் விட்டுட்டுப் போனது 250 பவுண்ட்னு அதுலதான் தெரியுது.

இதே மாதிரி தமிழ்நாட்டு மூதாதையர தேட முடியுமா?

சென்சஸ் வழியா முடியாது, வருத்தம்தான். இந்தியாவுல 1871-72ல இருந்து கணக்கு எடுத்தாங்க, ஆனா தனி ஆள் பேர் இருந்த படிவங்கள பாதுகாக்கல, எண்ணிக்கை மட்டும்தான் மிச்சம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு மட்டும் நல்ல வழி இருக்கு, மதராஸ் மாகாண சர்ச்சுகள்ல நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினாங்க, அது பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு, ஆன்லைன்லயும் கிடைக்குது. கூலியா கடல் தாண்டிப் போனவங்கள, உதாரணமா 1860ல மதராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல தென்னாப்பிரிக்காவுல இருக்கற டர்பன் போனவங்கள, கப்பல் பட்டியல்ல தேடலாம், பேர், வயசு, அப்பா பேர், ஊர்னு இருக்கும். அது தனிக் கதை, தனியாத்தான் எழுதணும்.

கிடைச்சத எப்படிக் குறிச்சு வைக்கறது?

ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்து வச்சா அடுத்த வருசம் அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது. சென்சஸ்க்கு குறிப்பெண் உண்டு, 1841ம் 1851ம் ஹெச்ஓ 107, 1861 ஆர்ஜி 9, 1871 ஆர்ஜி 10, 1881 ஆர்ஜி 11, 1891 ஆர்ஜி 12, 1901 ஆர்ஜி 13. அதோட கட்டு எண், தாள் எண், பக்கம். சர்டிபிகேட்டுக்கு வருசம், காலாண்டு, வட்டாரம், தொகுதி, பக்கம். ஒரு நீளத் தாள எடுத்து இடது பக்கம் தேதி வரிசையா எழுதுங்க, எல்லா பிறப்பும் இறப்பும் வீடு மாறினதும் சென்சஸ் ராத்திரியும் ஒரே வரிசையில வரணும், வலது பக்கம் அத யார் சொன்னாங்க, எப்ப சொன்னாங்கன்னு எழுதுங்க, அப்பா சொன்னதா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதா, வேலைக்கார அம்மா சொன்னதான்னு. நீங்க ஊகிச்சது இருந்தா அத பென்சில்ல மட்டும் எழுதுங்க.